வெள்ளரிக்காய் தங்குமா

சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த அந்த நீளக்கல்லுக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் வெள்ளரிக்காய். தலைகுப்புறப் புரண்டபடியே வந்தது. பக்கவாட்டில் திரும்பினால் பளிச்சென்று தெரியும். முனையைக் காட்டினால் மங்கிவிடும். அதன் பாதையைக் கணக்கிடுவது அக்காவின் வேலை. வீட்டைப் போலவே அலுவலகத்திலும் அவளுக்கு அக்கா என்றே பெயர்.

இப்படி வருகிறவை சூரியன் இழுக்க இழுக்க வேகம் பிடித்து, ஒரு வளைவு வளைந்து, போயே போய்விடும். இதுவோ போகும் வழியில் வியாழனை ஒட்டிக் கடக்கும், அங்கே வேகம் குறைந்து சூரியனிடமே சிக்கிக்கொள்ளும் என்றது அவள் கணக்கு.

கப்பலில் எஞ்சினியரான தங்கை, கப்பல் துறைமுகத்தில் நின்ற சில நாட்களுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த நெட்டைக்குக் கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உன் வெள்ளரிக்காய் தங்கினா நானும் தங்கிடறேன், போ," என்றாள் கொட்டாவி விட்டபடி.

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் முதல் வேலையாக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்துவைத்தாள்.

அன்று மதியம் பக்கத்து மேசை சோடாபுட்டி கூப்பிட்டான். "அக்கா, இந்தப் படங்கள்ல குறிச்சிருக்கறது நம்ம ஆளே இல்ல. நட்சத்திரம்."

கல் முனையைக் காட்டி மங்கிய வேளையில் தொலைநோக்கியில் எடுத்த படங்கள். அருகிலிருந்த சிறு நட்சத்திரத்தைக் கணினி கல்லென்று எடுத்துக்கொண்டிருந்தது. மங்கும், மங்கும் என்று எல்லோரிடமும் சொன்னவளே அவள்தான். வேறு விடை வந்திருந்தால் ஒவ்வொரு படத்தையும் துருவியிருப்பாள்.

"அப்ப போயிடுமாடா?"

"என்னக்கா, என்னைப் போய்க் கேக்கறீங்க?"

அந்தப் படங்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டாள். வியாழன் எங்கோ எட்டத்தில் இருந்தது. கல் நிற்கவில்லை.

கப்பல் கிளம்பும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று பேருந்தில் நினைத்தாள். வீட்டில், காலி செய்த தட்டில் தங்கையின் இரண்டு சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"நெட்டையா இருக்கறது எதுவும் ஒரு இடத்துல நிக்காதுக்கா," என்று தங்கை சிரித்தாள். பிறகு, "சும்மா வந்துட்டுப் போகுதா? அதுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"ஆகாம என்ன? வந்த திசையில போகாது, சூரியன் திருப்பி விட்டிருச்சு. கிட்ட இருக்கற முனைய அதிகமா இழுக்கும், எட்ட இருக்கறதக் கம்மியா. அதுல புரள்ற விதமே கொஞ்சம் மாறியிருக்கும்."

"பாவம்," என்ற தங்கை, சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

'இருடி' என்ற ஒரு சொல் அக்காவின் தொண்டைவரை வந்தது. அதைத் தான் கேட்காமல் கல்லை விட்டுக் கேட்கவைத்திருந்தாள்.

கப்பலுக்குக் கிளம்பிய தங்கையின் தலை, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு மேலே தெருமுனைவரை தெரிந்தது. வளைவில் ஒரு தடவை திரும்பியது. அக்கா கையைத் தூக்கவில்லை. தூக்கினால் போய்வா என்று சொன்னதாகிவிடும்.