கோழிக்குஞ்சு பல்பு

என் இரண்டு கால்களிலும் சேர்த்து இப்போது ஒன்பது விரல்கள்தான். சர்க்கரை வியாதியால் விரல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடமாக என்னோடு இருக்கும் சர்க்கரை அந்த விரலை ஒன்றும் செய்யவில்லை. முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்தும் என் வீட்டுக்காரர்தான் அதற்கு வழி பண்ணினார்.

ஜானகிராமன் என்றால் முத்தியால்பேட்டையில் தெரியாதவர்கள் குறைவு. வீட்டின் முன்பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவார். அந்த வேலையில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மோட்டார் தெரிந்துவிட்டால் உலகத்தில் மற்ற எல்லாமே தெரிந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். படித்துப் புரிந்து பிதுக்கினால்கூடப் பரவாயில்லை.

“நீங்களும் ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துக்குங்களேன்” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

“எனக்கு என்னா கேடு? சுகரெல்லாம் உக்காந்து தின்றவங்களுக்கு வர்றது” என்பார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். ஊசி என்றால் பயம் என்பதை ஒப்புக்கொள்ள மீசை இடம் கொடுக்கவில்லை.

போன தை மாதம் என் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு புண் வந்தது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. தரையில் ரத்தக் கறையைப் பார்த்து, எலியை ஏதோ பூனை கடித்துப் போட்டிருக்கிறது என்று நினைத்து நானே துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கறை என் பின்னாலேயே வந்தது. பகலில் அந்தக் கால் மரக்கட்டை. படுத்தால் அதே காலில் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல எரியும். மரத்துப்போன கால் எப்படி எரியும் என்று என் வீட்டுக்காரர் குறுக்கு விசாரணை செய்தார். லைன் செத்துப்போனால் கரண்ட் எப்படி வரும் என்பது அவருடைய சந்தேகம். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர், பாவம், கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் ஜெயம் சிஸ்டர் இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னார். புண்ணைச் சுத்தம் செய்து, செத்த தோலை வெட்டி எடுத்துவிட்டு, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பலகைபோல ஒரு விளக்கைக் காலுக்கு நேராக வைப்பார். சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள் எரியும். பத்து நிமிடம். அவ்வளவுதான்.

“சூடே இல்லியே சிஸ்டர்?” என்று நான் கேட்டேன். இன்னொரு காலில் எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருந்தது. அதைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

“இது சூடு குடுக்குற லைட்டு இல்லம்மா. வெளிச்சந்தான் வேல செய்யும். அதுவும் தனியா ஒன்னும் பண்ணிடாது. சுகர் கட்டுல இருக்கணும், நான் குடுத்த செருப்பப் போட்டுக்கிட்டுப் புண்ணு அழுந்தாம நடக்கணும், டிரெஸ்ஸிங்க விடக்கூடாது. இதெல்லாம் ஒழுங்கா இருந்தா லைட்டு கொஞ்சம் கைகுடுக்கும்.”

கொடுத்தது. இலந்தைப் பழம் அளவு இருந்த புண் ஆறு வாரத்தில் உளுத்தம்பருப்பு அளவுக்கு வந்தது. எரிச்சலும் பாதியாகக் குறைந்து, படுத்தால் தூங்க முடிந்தது. இன்னும் ஒரு மாதத்தில் மூடிவிடும் என்றார் சிஸ்டர்.

இது என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. புண் ஆறுவது பிடிக்காமல் இல்லை. தனக்குத் தெரியாத ஒரு விளக்கு தன் பெண்டாட்டி காலை ஆற்றுகிறது, அதுதான் உறுத்தியது. பங்குனி பிறந்துவிட்டது, கிராமத்திலிருந்து எரிந்த பம்புசெட் மோட்டார்கள் வரிசையாக வந்து வாசலில் கிடந்தன.

“இதுக்கா வாரம் ரெண்டு நாளு பட்டறைய மூடிட்டு உன்ன வண்டில வெச்சுக்கினு அலையறேன்? சிவப்பு லைட்டு, அவ்ளோதானே? தவளக்குப்பத்துல எங்கண்ணன் கோழிக்குஞ்சுக்கு வெக்கிறாரே, அதுவுந்தான் சிவப்பு. இருநூத்தம்பது வாட்டு! ஆஸ்பத்திரி லைட்டு அதுங்கிட்ட நிக்குமா?”

அவருடைய அண்ணன் கலியபெருமாள் நாட்டுக்கோழி வளர்க்கிறார். குஞ்சுகள் குளிரில் சாகாமல் இருக்க மேலே ஒரு சிவப்பு பல்பைத் தொங்கவிடுவார்கள். குஞ்சுகள் அதன் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும், சூடு அதிகமானால் விலகி ஓடும். அந்த ஓடுகிற அறிவு குஞ்சுக்கு உண்டு.

மறுநாளே தவளக்குப்பம் போய் பல்பை வாங்கிவந்துவிட்டார். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார். வண்டியிலிருந்து இறங்கினால் ஒரு காலில் செருப்பு இல்லை.

“வழில எங்கியோ வுழுந்துடுச்சு போல” என்றார்.

கடலூர் ரோட்டில் செருப்பை விட்டது தெரியாமல் முத்தியால்பேட்டை வரைக்கும் வந்திருக்கிறார். நான் விடுவேனா? பல்பைப் பத்திரமாகக் கொண்டுவந்த மகராசன் காலைத் தவளக்குப்பத்திலேயே விட்டுவிட்டு வராமல் போனாரே என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்து வீட்டு மணியம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, படுக்க வைத்து, கடைசியில் பல்பைப் பொருத்தினார். முன்பக்கம் கால் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பு கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றினார். வேலை என்னவோ சுத்தமான வேலைதான். அன்று சாயங்காலம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே என்னவோ செய்தார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

மறுநாள் காலை என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டைப் பிரித்து, என் காலை டின்னுக்குள் விட்டார். எனக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவரோடு வாதாட அலுப்பு. அதைவிட, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆறிவிடும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு டின்னைச் சற்று நகர்த்தியவர், ‘ஸ்ஸ்’ என்று கையை உதறினார்.

“சுடுதா?” என்றேன்.

“தகரம்னா சுடத்தான் செய்யும். உள்ள ஒன்னும் சுடாது. அரை மணி ஆனதும் நீயே அணைச்சுடு” என்று பட்டறைக்குப் போய்விட்டார். கையை உதறிய மனிதரையும் பார்த்தேன், அவர் பேச்சையும் நம்பினேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். கருவாடு சுடுகிற வாசனை வந்தது. மணியம்மாளுக்குப் பிறந்த வீடு வைத்திக்குப்பம், வாரம் தவறாமல் கருவாடு வரும்.

“மணி, காலங்காத்தால என்னாடி கருவாடு? அதையும் ஏன் இப்படித் தீய வுடுற?” என்று சுவர்ப்பக்கம் பார்த்துக் கத்தினேன்.

“என்னாக்கா சொல்ற? இன்னிக்குக் கிருத்திக. எங்க வூட்டுல கவுச்சியே கிடையாது!” என்று அங்கிருந்து குரல் வந்தது.

அதைக் கேட்டதும்தான் எனக்கு என் கால் ஞாபகம் வந்தது. குனிந்து டின்னைப் பார்த்தேன். துணி சுற்றிய ஓட்டையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. காலை இழுத்தேன். பாதம் முழுக்கக் கொப்புளம். டின்னின் ஓரத்தில் சாய்ந்திருந்த சுண்டுவிரல் கறுத்துச் சுருங்கியிருந்தது. வலி இல்லை. சத்தியமாகத் துளி வலி இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அலறினேன்.

ஆஸ்பத்திரியில் ஜெயம் சிஸ்டர் என் காலைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், சுண்டுவிரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். உளுத்தம்பருப்பு அளவுக்கு வந்திருந்த என் பழைய புண், கொப்புளங்களுக்கு நடுவே இருந்த இடமே தெரியவில்லை. ஆறு வாரம்! ஒருநாள் விடாமல் அந்தச் செருப்பைப் போட்டு, வாயைக் கட்டி, ஆற்றிய புண். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“கோழிக்கு வெக்கிற பல்பு சிஸ்டர்! இந்த மனுஷன் என்னக் கோழியாக்கிட்டாரு. ஆக்கி வாட்டியும் எடுத்துட்டாரு. கேளுங்க, நல்லாக் கேளுங்க!”

சிஸ்டர் அவரிடம் திரும்பினார். “ஏங்க, சுடுதா சுடலியான்னு பாக்க வேணாமா? அவங்களுக்குத்தான் கால் மரத்துப்போயிருக்கே.”

“பாக்காம இருப்பனா?” என் வீட்டுக்காரருக்குக் குரல் உடைந்தது. “நேத்து சாயந்தரம் என் கால வுட்டு அரை மணி முழுசா வெச்சிருந்தேம்மா. எனக்கு ஒன்னு ஆனாலும் பரவால்ல, அவ கால்ல பட்டுடக் கூடாதுன்னுதான். சத்தியமா கதகதப்புகூட இல்ல.”

சிஸ்டரின் கண் அவர் கால்மேல் போனது. சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஸ்டூல்ல உக்காருங்க. எந்தக் கால்? செருப்பக் கழட்டிட்டுத் தூக்கிக் காட்டுங்க.”

காட்டினார். உள்ளங்காலில் என் கொப்புளங்களுக்கு அண்ணன்போல ஒரு கொப்புளம், நடந்து நடந்து உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. குதிகால் பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி. சிஸ்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அரை விரல் நீளச் செம்புக் கம்பி, சீழோடு தட்டில் விழுந்தது.

“இது எப்பங்க குத்துச்சு?”

“எது?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் சிஸ்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் யாரோ கம்பியை உருவியது அவருக்குத் தெரியவே இல்லை.

விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். முந்நூற்று எண்பது. மெஷினில் கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தவர், தட்டில் கிடந்த கம்பியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

செருப்பு விழுந்தது தெரியாமல் வந்த மனிதரைப் பார்த்து நான் தெருவைக் கூட்டிச் சிரித்தேன். எனக்கும் கால் மரத்தபோது முதலில் செருப்புதானே நழுவியது? தெரிந்த எனக்கு அன்று அது உறைக்கவில்லையே. அவரைப் பெரிய அறிவாளி என்று கேலி பண்ணிக்கொண்டிருந்த நான் எந்த ஊர் அறிவாளி?

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வார்டுக்குத் தள்ளிப் போனார்கள். அவர் காலில் புதுக் கட்டோடு, என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நடையிலேயே ஒரு செருப்பு கழன்று நின்றுவிட்டது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏங்க, நில்லுங்க. செருப்பு” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து காலைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் பதில் இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். இப்படி ஒருநாள் வந்தால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நாற்காலியை நிறுத்தச் சொல்லி, குனிந்து அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.