வழிவிட்டவர்

தோற்ற அணிக்கு அழுகைதான் வரும். வென்ற அணிக்குத்தான் உட்கார்ந்து விசாரணை வைக்க நேரம் கிடைக்கும்.

சிசிலியின் பலர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் அந்த ஞாயிறு மாலை அப்படி ஒரு விசாரணை தொடங்கியிருந்தது. பங்குகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டியின் அரையிறுதியில் தமிழர்களின் செபஸ்தியார் அணி நாலுக்கு மூன்று என்று வென்றிருந்தது. பிரான்காச்சோ மைதானத்திலிருந்து பஸ் பிடித்து எல்லோரும் வந்து இறங்கி, கறிச்சட்டியின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"நாலு அடிச்சது சந்தோசம்தான். அந்த மூண்டையும் ஆர் வாங்கினது? அதை முதல்ல கதையுங்கோ," என்றாள் புனிதமலர்.

அணியின் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவள் அவள். வாரநாட்களில் சின்யோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் தரை துடைக்கும்போது வாய் திறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மைதானக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அதற்கும் சேர்த்துத் திறப்பாள். அவள் வைகிற வசவுக்கு எதிரணிச் சிசிலிக்காரர்களும், சொல் விளங்காமலே, தலையைக் குனிவார்கள்.

"மூணும் ஒரே மாதிரி பாஸ் அக்கா," என்றான் ஹரிஷ். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த கோயமுத்தூர்க்காரன். தமிழ்ச் சத்தம் கேட்கிறதே என்று ஒருநாள் மைதானத்துக்கு வந்தவன், அப்படியே ஒட்டிக்கொண்டான். "நடுவுல தள்ளி விடறாங்க. நம்மாளுங்க பந்தைப் பாக்கறாங்களே தவிர, பந்து எங்க போகப்போகுதுன்னு பாக்கறதில்லை."

"எங்கட பின்வரிசை எல்லாத்தையும் பாக்கும் தம்பி. மறிக்கிறதுதான் இல்லை."

மண்டபம் சிரித்தது. சுவரோரக் கதிரையில் இருந்த றெஜியும் சிரித்தான். கோல் கீப்பருக்கான கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். சிரித்தபடியே அவற்றின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தான். பேச்சு பின்வரிசையோடு நின்றுவிட வேண்டும், கீப்பர் வரைக்கும் வந்துவிடக்கூடாது என்பதுதான் அவனுக்கு அப்போதிருந்த ஒரே பிரார்த்தனை.

அதற்குக் காரணம் இருந்தது. பஸ்சில் வரும்போதே, அணியை நடத்துகிற அல்பேட் அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்: "ஃபைனலுக்கு ஒரு மாத்தம் செய்யத்தான் வேணும். ஒண்டு கீப்பர், இல்லாட்டிப் பின்வரிசை. சாப்பாடு முடிய முதல் சொல்லுவன்." கீப்பரை மாற்றினால் வரப்போகிறவன் ஜெனோஜன். பலர்மோவிலேயே பிறந்தவன், நெடுவல், முழங்காலில் ஒரு நோவும் இல்லாதவன். அவன் ஒருமுறை உள்ளே வந்தால் பிறகு றெஜிக்கு அந்தக் கம்பங்களுக்கிடையில் இடம் இல்லை. பொலிதேயாமாவில் உணவகம் ஒன்றின் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறான் றெஜி. அங்கே அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஓய்' என்பார்கள். பெயர் சொல்லிக் கத்துகிற ஓரிடம் அவனுக்கு உலகத்தில் இருந்ததென்றால், அது அந்தக் கோல்வாசல்தான்.

"முதல் ரெண்டையும் விடுங்கோ, அதுகள் நல்ல அடி," என்றார் அல்பேட். "மூண்டாவதை எனக்கு ஆராவது விளங்கப்படுத்துங்கோ."

மூன்றாவது கோல் எல்லோருடைய கண்ணிலும் நின்றது. நடுவால் வந்த பாஸ், வேகம் செத்துப்போய், கிழவன் நடக்கிற மாதிரி உருண்டு வந்தது. பக்கத்தில் நின்றது பின்வரிசை ஸ்ரனிஸ்லாஸ். காலால் ஒரு தட்டுத் தட்டினால் வேலிக்குப் போயிருக்கும். அவர் தட்டவில்லை. காலை இழுத்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, விலகி நின்றார். பின்னால் வந்த தாடிக்காரன் பந்தைத் தன் வீட்டுக் கோழியைப் பிடிப்பதுபோல எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் விட்டான்.

"கீப்பர் என்ன செய்தவர்? கோட்டிலை நிண்டு படம் பாத்தவரோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதுதானே! பின்னுக்கு நிக்கிறவனுக்கு முதுகிலையோ கண்? கீப்பர்தான் சத்தம் குடுக்கவேணும்."

றெஜியின் விரல்கள் கையுறையின் மேல் நின்றுவிட்டன.

அணியில் கீப்பருக்கு இரண்டே சத்தங்கள். தானே முன்னால் வந்து பந்தைப் பிடிப்பதென்றால் 'விடு'. வரவில்லை, நீயே அடி என்றால் 'எடு'. இத்தாலியனில் கத்தினால் எதிரிக்கு விளங்கிவிடும் என்று அல்பேட் கண்டுபிடித்த தந்திரம் அது. இரைச்சலுக்குள் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் குழப்பமும் நடக்கவில்லை. றெஜி 'விடு' என்றுதான் கத்தினான், ஸ்ரனிஸ்லாஸுக்கு 'விடு' என்றுதான் கேட்டது, அவரும் விட்டார். முன்னால் ஒரு அடி வைத்த றெஜிதான் தாடிக்காரனின் சப்பாத்து பந்தை நோக்கி வருகிற வேகத்தைக் கண்டு நின்றான். போன வருடம் அப்படியொரு சப்பாத்தில்தான் அவனுடைய கன்னத்தெலும்பு உடைந்தது. திருத்திக் கத்த இன்னும் நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"நீ என்னடாப்பா கத்தினனி?" என்று கேட்டார் அல்பேட்.

மண்டபம் அவன் பக்கம் திரும்பியது. ஸ்ரனிஸ்லாஸ் அங்கே இல்லை. ஆட்டம் முடிந்த கையோடு, தான் வேலை செய்கிற சின்யோராவுக்கு மருந்து கொடுக்கப் பொலிதேயாமாவுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி விமலராணி, றெஜியின் சொந்த அக்கா, மேசையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். தட்டுச் சத்தம் நின்றது.

'எடு' என்று சொல்லிவிடலாம் என்று றெஜி நினைத்தான். அதை யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை. அத்தான் வந்து 'விடு' என்றால் அவன் சொல்லும் அவர் சொல்லும் தராசில் நிற்கும். தராசில் அவர்தான் கனம். வேறொன்று வேண்டும். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை, தயாராக நாக்கில் இருந்தது.

"நான் 'எடு' எண்டுதான் கத்தினனான்," என்றான். பிறகு குரலைத் தணித்து, சொல்ல விருப்பமில்லாதவன்போல, "அந்தத் தாடிக்காரன் பின்னாலை வந்து 'பெர்மெஸ்ஸோ' எண்டவன். அத்தான் விலத்தி விட்டிட்டார்."

ஒரு மூச்சு நேரம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உண்மை என்று பட்டதற்கு வருகிற அமைதி அது. அந்தச் சொல் அவர்கள் எல்லோருடைய முதுகிலும் குடியிருந்தது. லிஃப்டில், பஸ்சில், சின்யோராவின் ஒடுங்கிய நடையில் யாராவது வழிகேட்டு 'பெர்மெஸ்ஸோ' என்றால் அவர்கள் யோசிப்பதில்லை. உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாளியோ தட்டோ நெஞ்சுக்கு ஏறும். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவின் வாசலில் விடியப்புறம் வரிசையில் நின்று வாங்குகிற வதிவிட அட்டைக்கும் அதே பெயர்தான்.

பிறகு புனிதமலர் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"ஐயோ! குவெஸ்தூராக்காரன் வருசக்கணக்கா இழுத்தடிச்சுக் குடுக்கிற பெர்மெஸ்ஸோவை எங்கட ஸ்ரனிஸ்லாஸ் ஒரு செக்கனிலை குடுத்திட்டாரே!"

"விரலடையாளம்கூட எடுக்கேல்லை!"

"படம் கேக்கேல்லை, முத்திரை ஒட்டேல்லை!"

"அஞ்சு வருசத்துக்கோ, அண்ணை, காலவரையறை இல்லாததோ?"

மண்டபம் உடைந்தது. கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அல்பேட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவன் பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் அது அவன் கையை விட்டுப் போய், ஊர்ச்சொத்தாகிவிட்டது.

"இருங்கண்ணே, எங்கிட்ட வீடியோ இருக்கு," என்றான் ஹரிஷ்.

றெஜியும் எழுந்து எட்டிப் பார்த்தான். கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் அது. அவனுடைய முதுகுதான் தெரிந்தது, வாய் தெரியவில்லை. ஒலியில் புனிதமலரின் வசவைத் தவிர வேறெதுவும் இல்லை. நடுவில் ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் தெளிவாக இருந்தார். காலை ஒடுக்கினார். இடுப்பை வளைத்தார். ஒரு கை, 'வாருங்கள்' என்பதுபோல, பக்கவாட்டில் நீண்டது.

"பாருங்கோ பாருங்கோ, கையைக் காட்டி அனுப்பிறார்!"

மறுபடியும் போடச் சொன்னார்கள். போடப் போட அந்தக் கை இன்னும் பணிவாக நீண்டதாக றெஜிக்கே தோன்றியது.

விமலராணி தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவர் வரட்டும். அவரட்டைக் கேளுங்கோவன்," என்றாள். சொன்னது சபைக்கு, பார்த்தது தம்பியை. பிரான்காச்சோவில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் ஒரு அறையை அவனுக்கு விட்டு, பிள்ளைகளோடு மற்ற அறையில் நெருங்கிப் படுத்த காலம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். றெஜி கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரனிஸ்லாஸ் வந்தது அந்த நேரம்தான். தலை வாரி, சட்டை மாற்றி, கையில் ஒரு கேக் பெட்டி. சின்யோரா வெற்றிக்காகக் கொடுத்தது. வாசலில் கால் வைத்தவருக்குப் பின்னால் சோடாப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெனோஜன் வந்தான். உள்ளே நடந்த சிரிப்பு எதையும் அவன் கேட்டிருக்கவில்லை.

"பெர்மெஸ்ஸோ," என்றான்.

ஸ்ரனிஸ்லாஸ் சுவரோடு ஒட்டினார். கேக் பெட்டி நெஞ்சுக்கு ஏறியது. தலை சற்றுத் தாழ்ந்தது.

அப்போது எழுந்த சத்தத்துக்கு மேல்மாடியில் இருந்த குருவானவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். புனிதமலர் நிலத்தில் இருந்துவிட்டாள். ஸ்ரனிஸ்லாஸும், வெற்றிக் கொண்டாட்டம்தான் என்று எண்ணி, சுவரோடு ஒட்டியபடியே சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

விளக்கம் சொன்னது அல்பேட். தோளில் கை போட்டு, கேக் பெட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "கோவிக்காதையுங்கோ ஸ்ரனிஸ்லாஸ். ஃபைனலுக்கு நீங்கள் வெளியிலை இருங்கோ. றெஜி நிக்கட்டும். வெளி ஆக்களுக்கும் இந்தக் கதை போகும். பந்தைக் கொண்டு வாறவன் எல்லாம் பெர்மெஸ்ஸோ எண்டு கொண்டெல்லோ வருவான்!"

றெஜியின் நெஞ்சு லேசானது. அந்த லேசு அவனுக்குப் பிடித்திருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் வாய் திறந்து 'விடு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். றெஜி அதற்காகக் காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. முற்றத்துத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். போகும்போது, "றெஜி, ஒருக்கா வா," என்றார்.

குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவி முடிந்த பிறகும் கழுவினார். றெஜி பக்கத்தில் நின்றான். சந்தையில் கடைகளின் தகரக் கதவுகளை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. இப்படியே எதுவும் கேட்காமல் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

"உள்ளுக்கு அவையள் சிரிக்கிறது எனக்குக் காரியமில்லை. எனக்கு விசயம் தெரிஞ்சால் போதும். எனக்கு 'விடு' எண்டுதான் கேட்டது. நீ என்ன கத்தினனி?"

கோபம் இல்லை. கணக்கில் பிழை தேடுகிறவனுடைய குரல். முற்றத்தில் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளே போய்ச் சொல்லுகிற ஆள் அவர் இல்லை என்பதும் றெஜிக்குத் தெரியும். இங்கே உண்மைக்கு விலையே இல்லை, சும்மா கொடுத்திருக்கலாம்.

"எடு எண்டுதான் அத்தான்," என்றான்.

"நல்லாத் தெரியுமோ?"

"ஓம். ரெண்டுதரம் கத்தினனான்."

அந்த இரண்டாவது தரம் ஏன் வந்தது என்று அவன் பிற்பாடும் யோசித்திருக்கிறான். தேவையே இருக்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் குழாயை மூடினார். ஈரக் கையைக் காதருகே கொண்டுபோய், உள்ளே தண்ணீர் புகுந்தவர்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "அப்ப என்ர காதுதான்," என்றார். "சரி, வா. சாப்பிடுவம்."

உள்ளே பந்தி தொடங்கியிருந்தது. விமலராணி கணவருக்குத் தட்டு நீட்டினாள், தம்பிக்கு நீட்டவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் தட்டோடு நடு மேசையில், புனிதமலருக்கு எதிரே போய் இருந்தார்.

"என்ன பெர்மெஸ்ஸோ அண்ணை, இறைச்சி போடட்டோ, இல்லை அதையும் ஆருக்கும் விட்டுக் குடுக்கப் போறியளோ?"

மேசை சிரித்தது. ஸ்ரனிஸ்லாஸ் இடியப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். வாயில் வைத்து, மென்று, விழுங்கினார். பிறகு, கனவொன்றை மீட்டெடுப்பவரைப்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பேசினார்.

"சிரிக்காமல் கேளுங்கோ. இப்பதான் எனக்கு ஞாபகம் வருது. அவன் பின்னாலை வந்து மெதுவா, மரியாதையாத்தான் சொன்னவன். நானும்..." அவர் நிறுத்தினார். முகம் தெளிந்தது. தொலைத்த சாவி கையில் கிடைத்தவரின் தெளிவு. "நானும் திரும்பிப் பாக்காமல் 'ப்ரேகோ, போங்கோ' எண்டெல்லோ சொன்னனான்!"

கை தட்டி, மேசை தட்டி, மூச்சு முட்டச் சிரித்தார்கள். இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, காலை ஒடுக்கி, கையை நீட்டி, செய்தும் காட்டினார்.