மூன்று ரொட்டி, இரண்டு பால்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது போகாமல் பேச்சுக் கொடுத்தேன். பொதுத் தேர்வுகளுக்குக் கணக்குக் கேள்வி எழுதித் தருவது தன் வேலை என்றாள். நான் கதை எழுதுகிற ஆள் என்றதும், அப்படியென்றால் உங்களிடம் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். [பிறகு என் முறை. வாய் மரத்துப்போய் நான் வெளியே வந்தபோது அவள் இல்லை.]

அவள் சொல்லாததை நான் இட்டு நிரப்ப முயன்ற இடம் ஒன்று இருக்கிறது. அது வரும்போது சொல்லிவிடுகிறேன்.

2

எங்கிருந்து தொடங்குவது?

‘அந்தத் தெருவில் நுழைந்தாலே ரொட்டி வாசனை’ என்று எழுதி அடித்தேன். ரொட்டிக் கடை என்றதும் வாசனையில் தொடங்குவது சோம்பேறித்தனம்.

‘கணக்குக்காரிக்கு மனிதர்களைவிட எண்கள்தான்’ என்று இன்னொன்று. அதுவும் பொய். எண் எழுதுகிறவர்களுக்கு மனிதர்களோடு ஒட்டாது என்று நம்மைப் போன்றவர்கள் கட்டிவிட்ட கதை அது. இவள் அலுவலகத்தில் எல்லாருக்கும் வேண்டியவள். வீட்டில் அவளும் கணவரும் மட்டும்.

அவள் எழுதிய கேள்வியிலிருந்தே தொடங்கிவிடலாம்:

*ஒரு பெண் மூன்று ரொட்டியும் இரண்டு பால் பாட்டிலும் வாங்கி 130 கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் அதே கடையில் இரண்டு ரொட்டியும் மூன்று பால் பாட்டிலும் வாங்கி 120 கொடுத்தாள். ஒரு ரொட்டியின் விலை என்ன?*

(முப்பது. பால் இருபது. மனம் அதிலேயே சுற்ற வேண்டாம், கதைக்கு வாருங்கள்.)

3

யாரையும் நினைத்து அவள் அதை எழுதவில்லை. கழித்தால் சுத்தமாக வருகிற எண்கள் வேண்டும், அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, வேலை முடிந்து திரும்புகிற வழியில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றாள். முன்னால் ஒல்லியாக ஒரு பெண், கையில் மடக்கிய குடை. மூன்று ரொட்டி, இரண்டு பால் கேட்டாள். கடைக்காரர் நூற்று முப்பது என்றார்.

கணக்குக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கடையில் எதுவும் முழு எண்ணில் முடிந்ததில்லை. விலைப் பலகையைப் பார்த்தாள். சில்லறைத் தொல்லை தாங்காமல் அன்று காலையில்தான் மாற்றியதாகக் கடைக்காரர் சொன்னார். அவள் முறை வந்தது. ஒரே ஒரு ரொட்டி வாங்கத்தான் வந்திருந்தாள். அவள் வாய் இரண்டு ரொட்டி, மூன்று பால் என்றது.

வீட்டில் சொன்னபோது கணவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க அதையே போட்டுப் பிசைந்தால் வாயில் வராமல் என்ன செய்யும் என்றார். அதுவும் நியாயம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று பாட்டில் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் தயிருக்கு உறை ஊற்றினாள்.

அதன்பின் அந்தப் பெண்ணோடு பழக்கமானது. அந்தப் பெண் வீட்டில் அவளும் கணவரும் மாமியாரும். ஆளுக்கு ஒரு ரொட்டி. மாமியாருக்குப் பல் கிடையாது, பாலில் ஊறவைத்தால்தான் இறங்கும். இதெல்லாம் வரிசையில் நின்றபடி பேசிக்கொண்டவை.

4

கேள்விகளைச் சரிபார்க்கிற மேலாளரை எல்லாரும் கத்தரி என்பார்கள். அவர் கைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. இந்தக் கேள்வி கடினம் என்று குறிப்பு எழுதி, மூன்று ரொட்டியை ஒன்றாக்கி, 130-ஐ 70 ஆக்கி அனுப்பினார். கணக்கு அப்போதும் சரியாகவே வந்தது. அவள் ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

[இந்த இடத்தில் மின்விளக்கு மினுக்கியது, காகிதம் நடுங்கியது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம். கத்தரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.]

சாயங்காலம் அந்தப் பெண் ஒரே ஒரு ரொட்டி கேட்டாள். பால் அதே இரண்டு. கடைக்காரர் எழுபது என்றார்.

வீட்டில் எங்கேயாவது போயிருக்கிறார்களா என்று கணக்குக்காரி கேட்டாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் எடுத்து வரப் போனேன், திரும்பினால் இரண்டு பேரும் இல்லை என்றாள் அந்தப் பெண். தெரிந்த இடமெல்லாம் கேட்டாகிவிட்டது. காவல் நிலையத்திலும் சொல்லியாகிவிட்டது. அழுது தீர்ந்த குரல்.

“செருப்பு ரெண்டு ஜோடியும் வாசல்லயே கிடக்குக்கா. வெறுங்கால்ல எங்க போயிருப்பாங்க?”

கணக்குக்காரி அன்று எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போக நினைத்தாள். இரண்டு ரொட்டியும் மூன்று பாலும் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

5

இதை நம்புவதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாமல் சும்மா இருப்பதற்குத் தைரியம் வேண்டும் இல்லையா? அது தன்னிடம் இல்லை என்றாள்.

மறுநாள் கத்தரியிடம் போய், பழைய எண்ணையே வைத்துவிடுங்கள் சார் என்று கேட்டாள். ஏன் என்றார். இவ்வளவு சுலபமாக இருந்தால் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள் என்று ஏதோ சொன்னாள். அவர் வாதாடாமல் மாற்றிக் கொடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார்: “இதுதான் கடைசி. இன்னைக்கு அச்சுக்குப் போகுது. இனி யார் நினைச்சாலும் கை வைக்க முடியாது.”

அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டிக்கொண்டே, அந்த இரண்டாவது பெண்ணின் வரியையும் குறைத்திருக்கலாம், ரொம்ப நீளம் என்றார். அந்த வரியில் இரண்டு ரொட்டி வாங்குகிறவள் யார் என்பது அவருக்குத் தெரியாது. கணக்குக்காரி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் செய்தாள். எடுத்தார். என்ன விஷயம் என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள்.

6

அன்று சாயங்காலம் அந்தப் பெண் மூன்று ரொட்டி வாங்கினாள்.

கணக்குக்காரிக்கு உயிர் வந்தது. தோளைத் தொட்டு, வந்துட்டாங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் திரும்பினாள். முகத்தில் சந்தோஷத்தின் சுவடுகூட இல்லை.

“சாப்பிட ஆள் இருக்குக்கா. யாருன்னுதான் தெரியல.”

மதியத்திலிருந்து மேசையில் தட்டு வைத்தால் காலியாகிறது. இரண்டு பேர் நடமாடுகிற சத்தம் கேட்கிறது. அவளைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், குரல்தான் புதிது. மாமியாருக்கு ஊறவைத்த ரொட்டியைத் தொடவே இல்லை, கடித்துத்தான் சாப்பிட்டார்கள். அவள் இன்னும் தலை நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு தடவை வந்து பாருங்கக்கா. நீங்க பார்த்துச் சொன்னா நான் நம்பிடறேன்.”

கணக்குக்காரியால் மறுக்க முடியவில்லை. கூடவே நடந்தாள். வாசலில் அந்த இரண்டு ஜோடிச் செருப்பும் தூசி படிந்து அப்படியே கிடந்தன. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம். அந்தப் பெண் கதவில் கை வைத்தாள்.

இந்த இடத்தில்தான் பல் மருத்துவரின் உதவியாளர் வந்து அடுத்தது நீங்கள் என்றார்.

7

நான் நிரப்ப முயன்ற இடம் இது. இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில், உள்ளே இருப்பது கணவரும் மாமியாரும்தான். அதிர்ச்சியில் மருமகளுக்கு அடையாளம் தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பல் இல்லாதவர் ரொட்டியைக் கடிக்க முடியாதே.

இரண்டாவதில், உள்ளே யாருமே இல்லை. மேசை மேல் வெறும் தட்டுகள். அது இன்னும் மோசம். இரண்டு பெண்களும் கதவுக்கு வெளியே நிற்கிறபோதே உள்ளே ஆளில்லை என்று நான் எழுதிவைத்தால், அப்புறம் கணவரும் மாமியாரும் உண்மையிலேயே திரும்பி வர வழி ஏது?

எழுந்து போகும்போது அவள் வீங்கிய கன்னத்தோடு குனிந்து என்னிடம் சொன்னாள்: “எழுதுங்க, வேண்டாங்கல. உள்ளே எத்தனை பேருன்னு எண்ணிக்கை மட்டும் போட்டுடாதீங்க.”

தேர்வு அடுத்த வாரம். லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் பென்சிலை எடுத்து அந்தக் கடை வாசலில் நிற்கப் போகிறார்கள். அதை யாரும் தடுக்க முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். கடைசி வரியை எழுதி, அதில் ஓர் இடத்தை விட்டுவைக்கிறேன். நிரப்புவதும் நிரப்பாததும் உங்கள் பாடு. நிரப்புவதானால், உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கதவு திறந்தது. மேசையைச் சுற்றி ______ பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குக்காரியைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.