விரல் பதியாத வருகை

கல்லூரி ஆராதனை மண்டப வாசலில் முனீஸ்வரி கட்டைவிரலைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்து மறுபடி வருகைப்பதிவு மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு. பின்னால் வரிசை நெளிந்தது.

"வெரல வீட்லயே வச்சிட்டு வந்துட்டியாத்தா?" என்று கேலி செய்து, "சரி, உள்ள போ" என்று விட்டுவிடுவார் வாட்ச்மேன் செல்லப்பாண்டி. இந்த செமஸ்டர் முழுக்க அப்படித்தான். இன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போதகர் ஐயா ரூமுக்கு வரச் சொன்னாக."

லீவு நாளெல்லாம் அம்மாவோடு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்த கொடிகளுக்கு மருந்து தடவுகிறவள் அவள். இருந்த ஒரு ஜோடி கையுறையை அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். மருந்து பட்டுப் பட்டு அவள் விரல் நுனித்தோல் வெங்காயச் சருகாக உரிந்துகொண்டே இருந்தது.

போதகர் விஜய்ராஜ் அவளுடைய ஹால்டிக்கெட்டை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஆராதனை வருகை ஒண்ணுகூட இல்லையேம்மா."

"தெனமும் வந்தேங்கய்யா. மெஷின்தான் எடுக்கல. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேளுங்க."

"கேட்டாச்சு. விரல் விழாதவங்கள உள்ள விடுறதே இல்லைங்கிறாரு."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வராதவங்க சபையில எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டா பரீட்சை எழுதலாம். அதான் இங்க வழக்கம்."

"வந்தவ எப்படிங்கய்யா வரலைன்னு சொல்றது?"

"பத்து மணிக்குப் பரீட்சை" என்றார் அவர். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

வெளியே ஜெபஷீலா காத்திருந்தாள். செமஸ்டர் முழுக்க ஆராதனையில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"ஏன்டி, நான் ஒம்பக்கத்துல இருந்தேன்னு நீ வந்து சொல்லேன்."

"எங்கப்பா இங்கன ஆபீஸ்லதான் வேலை பாக்குறாக." ஜெபஷீலா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வார்த்தைதானடி. சொல்லிட்டுப் பரீட்சைக்கு வா. இல்லாட்டி ஒரு வருசம் போயிரும்."

மணி அடித்தது. இருவரும் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர் அவள் பெயரைச் சொன்னார். முனீஸ்வரி எழுந்தாள். மண்டபம் முழுக்கத் தெரிந்த முகங்கள்.

"இந்த செமஸ்டர்ல நான் ஆராதனைக்கு வரல. மன்னிச்சிருங்க."

"கர்த்தர் இந்த மகளை மன்னிப்பாராக."

"ஆமென்" என்றது மண்டபம். ஜெபஷீலாவும் சொன்னாள்.

போதகர் பாட்டின் எண்ணை அறிவித்தார். ஜெபஷீலா நகர்ந்து இடம் விட்டு, பாட்டுப் புத்தகத்தை வழக்கம்போல் இருவர் மடிக்கும் பொதுவாக விரித்து வைத்தாள்.