இரண்டாவது ஏரோப்ளேன்

சிமெண்ட் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த வடக்கத்தி எஞ்ஜினியருக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு அவர் எடுத்துக்கொண்ட படங்களைக் கொடுத்துவிட்டு வர, போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த உத்திராபதி சைக்கிளில் போனான். திரும்பி வரும்போது கேரியரில் ஒரு விமானம் இருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். அரியலூர் கடைவீதியே அதைப் பார்த்தது. பலகையைவிட லேசான ஏதோ மரத்தில் செய்து காகிதம் ஒட்டிய விமானம். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீள இறக்கை. மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எஞ்சின். கூடவே ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு குச்சிகளும், இழுத்தால் நீளும் ஏரியலும் இருந்தன. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குச்சியை அசைத்தால் மேலே பறக்கிற விமானம் அதற்குத் தக்கபடி திரும்பும் என்று எஞ்ஜினியர் சொல்லியிருந்தார். அவர் பழகிப் பறக்கவிட்டு, சலித்துப்போய்ப் பரணில் போட்டிருந்த சாமான் அது.

"எதுக்குங்க இது?" என்று அவன் மனைவி செங்கமலம் கேட்டாள். ஸ்டூடியோவில் அவளுக்கும் பாதி வேலை. நெகட்டிவ்களில் பென்சிலால் முகத்தைத் திருத்துவாள்; பெண்பிள்ளைகள் வந்தால் அவளே படமும் எடுப்பாள்.

உத்திராபதி பரணில் இருந்ததைப் பார்த்தான், கேட்டான், வாங்கிவிட்டான். அவ்வளவுதான் அவனுக்கு நினைவிருந்தது.

"சும்மாதான்" என்றான்.

டீக்கடையில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாலு பேர் இருந்தார்கள். "மேலேருந்து போட்டோ எடுக்கலாம்னு ஒரு யோசனை" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

எஞ்சினைக் கிளப்புவதே முதலில் பெரும்பாடாக இருந்தது. எஞ்ஜினியர் ஒரு டின்னில் ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்த திரவம் கொடுத்திருந்தார். அதை ஊற்றிவிட்டு, மூக்கிலிருந்த விசிறியை விரலால் சுண்டிச் சுண்டி நகக்கண் வீங்கிப்போனது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு கிளிப்பையும் இரண்டு ஒயரையும் எடுத்து செங்கமலம் காட்டினாள்.

"இது எதுக்குங்க?"

"ஆமா, ஏதோ டார்ச் லைட் பேட்டரின்னாரு..."

கிளிப்பை எஞ்சின் தலையில் மாட்டி, ஒயரை டார்ச் பேட்டரியில் வைத்துப் பிடித்தார்கள். அடுத்த சுண்டலில் எஞ்சின் காது கிழியக் கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஸ்டூடியோவின் பின்கட்டு முழுக்கப் புகை. விமானம் கையை விட்டு உருவிக்கொண்டு போகப் பார்த்தது. ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"எப்பிடிங்க நிறுத்துறது?"

"தெரியலயே!"

"கேக்கலியா அவருகிட்ட?"

"ஓட்டுறதுக்குத்தானே கேட்டேன்!"

எண்ணெய் தீரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது நின்ற பிறகும் காதுக்குள் அதே சத்தம் இருந்தது. கடைக்குப் படம் வாங்க வந்த ஆள் யாரையும் காணாமல் திரும்பிப் போயிருந்தார்.

குச்சிகள் அடுத்த குழப்பம். குச்சியைத் தன் பக்கம் கீழே இழுத்தால் விமானத்தின் வால் தகடு மேலே தூக்கியது. மேலே தள்ளினால் கீழே இறங்கியது. தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒருநாள் முழுக்கக் கம்பிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். வால் தூக்கினால்தான் மூக்கும் தூக்கும் என்பது பிறகே உறைத்தது. மறுபடி பழையபடி மாட்டினான்.

ஊருக்கு மேற்கே காய்ந்து கிடந்த ஏரிக்கு விமானத்தைக் கொண்டுபோனார்கள். செங்கமலம் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நாலு எட்டு ஓடி எறிந்தாள். விமானம் ஒருமுறை குலுங்கி, பிறகு நேராக எழுந்தது. கருவேல மரங்களுக்கு மேலே போனது. உத்திராபதி குச்சியை வலப்பக்கம் தள்ளினான், வலப்பக்கம் வளைந்தது. இன்னும் தள்ளினான், முழுசாகத் திரும்பி அவர்களை நோக்கி வந்தது.

"வலப்பக்கம் ஒதுக்குங்க, மேல வந்து வுழுந்துரப் போவுது!"

வலப்பக்கம்தான் தள்ளினான். அது இடப்பக்கம் போனது. இன்னும் அழுத்தித் தள்ளினான். இன்னும் இடப்பக்கம் சாய்ந்து கருவேலம் புதரில் போய்ச் செருகிக்கொண்டது.

வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, காகிதம் மாற்றி, திரும்பும் கம்பியை இடம் வலமாக மாற்றிக் கட்டி அடுத்த ஞாயிறு மீண்டும் போனார்கள். இப்போது கிளம்பும்போதே தப்பான பக்கம் போய் விழுந்தது.

"போறப்ப சரியா போவுது, வர்றப்ப மாத்திப் போவுது. மாத்திக் கட்டினா போறப்ப தப்பா போவுது" என்றான் உத்திராபதி, கையில் ஒடிந்த சக்கரத்தோடு. "வித்தவரு ஏதோ ஒண்ண சொல்லாம வுட்டுட்டாரு."

செங்கமலம் முந்தானையில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டே யோசித்தாள். "அது உங்களப் பாத்து வர்றப்ப அதோட வலக்கை உங்களுக்கு இடக்கைப் பக்கந்தானே இருக்கும்?"

"அதுக்கு?"

"நம்ம யாஷிகாவுல குனிஞ்சு பாக்குறப்ப, ஆளு இந்தப் பக்கம் நவுந்தா கண்ணாடியில அந்தப் பக்கம் போறாங்க. என்னிக்காச்சும் நீங்க தடுமாறியிருக்கீங்களா?"

அவன் தடுமாறியதில்லை. அந்தக் கேமராவின் கண்ணாடியில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் தெரியும். கை தன்னால் மாற்றிக்கொள்ளும். கம்பியைப் பழையபடி கட்டினான். விமானம் எதிரே வரும்போதெல்லாம் கண்ணாடிக்குள் பார்ப்பதாக நினைத்துக்கொண்டான். அன்று விமானம் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றி, எண்ணெய் தீர்ந்ததும் சத்தமில்லாமல் மிதந்து வந்து புல்லில் இறங்கியது. இருவரும் கிட்டப் போகாமல் சற்று நேரம் தூரத்திலேயே நின்று அதைப் பார்த்தார்கள். எப்படி இறங்கியது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோ வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. வரதராஜன்பேட்டைப் பக்கம் புதிதாக ரைஸ்மில் கட்டியிருந்த வீரமுத்து.

"தம்பி, ஏரோப்ளேன வுட்டு மேலேருந்து போட்டோ எடுக்குறீங்களாமே. நம்ம மில்லு, களம், குடும்பம் எல்லாம் சேத்து ஒண்ணு எடுக்கணும்."

விமானத்தில் கேமரா வைக்க முடியாது, வைத்தால் தரையை விட்டு எழும்பாது, வைத்தாலும் அங்கே யார் போய் பட்டனை அழுத்துவது - இவ்வளவும் உத்திராபதியின் மனதில் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தான்.

"எடுத்துரலாங்கண்ணே" என்றது வாய்.

புல்லட் போன பிறகு செங்கமலம் நெகட்டிவைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க இப்ப?"

"அதான் எனக்கும் புரியல."

நேரில் போய்ச் சொல்லிவிடுவோம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். விமானத்தோடு யாஷிகாவையும் செங்கமலம் தோளில் மாட்டிக்கொண்டாள். தரையிலிருந்தாவது ஒரு படம் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

மில்லுக்குப் போனால், நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தைக் கூட்டிக் கழுவிவிட்டிருந்தார்கள். நடுவில் வீரமுத்து பட்டுவேட்டியில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி சின்னப்பிள்ளை, தம்பி குடும்பம், மைத்துனர் குடும்பம். ஓரத்தில் நெல் அவிக்கும் பெண்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து நின்றிருந்தார்கள்.

"அண்ணே, ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தான் உத்திராபதி.

"வெயிலு போயிரும் தம்பி. வுடுங்க!"

உத்திராபதி திரும்பி செங்கமலத்தைத் தேடினான். அவளைக் காணவில்லை.

வேறு வழி தெரியாமல் எஞ்சினைக் கிளப்பினான். களம் வழவழவென்று இருந்ததால் விமானம் தானே உருண்டோடி எழும்பியது. கூட்டம் ஓவென்று கத்தியது. மில் கூரையைத் தாண்டி, உயரமான தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வளைந்தது. அப்போதுதான் தொட்டியின் இரும்பு ஏணி உச்சியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற செங்கமலத்தைப் பார்த்தான். ஒரு கை ஏணியைப் பிடித்திருந்தது. கழுத்தில் தொங்கிய கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியை மறந்து அவளையே பார்த்தான். விமானம் விருட்டென்று சரிந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே தாழ்வாகப் பாய்ந்து போனது. எல்லோரும் அண்ணாந்தார்கள். அவன் எப்படியோ குச்சியை இழுத்தான். விமானம் மில்லுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு சத்தமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் உமிக்குவியலில் வால் மட்டும் வெளியே தெரிய முழுகிக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. அத்தனை பேரும் பின்னால் ஓடி வந்துவிட்டதால், ஏணியிலிருந்து இறங்கிய செங்கமலத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

படத்தைப் பெரிதாகக் கழுவி எடுத்துக்கொண்டு இருவருமே போனார்கள். வீரமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். களம், கூரை, லாரி எல்லாம் மேலிருந்து தெரிந்தன. ஜனங்கள் வாயைத் திறந்து அண்ணாந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, களத்தில் தன் நிழல் விழ, விமானம்.

வெகுநேரம் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, படத்தப் புடிச்சது ஏரோப்ளேனு. அப்ப ஏரோப்ளேன யாரு புடிச்சா?"

உத்திராபதி இந்தமுறை வாய்க்கு இடம் கொடுக்கவில்லை. "அதுல கேமரா வக்கவே முடியாதுங்கண்ணே. டீக்கடையில வாய் தவறிச் சொல்லிட்டேன். இவதான் தண்ணித் தொட்டி மேல ஏறி எடுத்தா."

வீரமுத்து செங்கமலத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே தொட்டியைப் பார்த்தார். மறுபடி படத்துக்கு வந்தார். அவர் விரல் சின்னப்பிள்ளையின் முகத்தில் போய் நின்றது. அவள் கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் போட்டோவுல இவ மூஞ்சியே தெரியாது. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பா" என்றார். கோபமா இல்லையா என்று உத்திராபதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கண்ணாடி போட்டு மாட்டணும். எடுத்துட்டுப் போயி சட்டம் அடிச்சுக் கொண்டாங்க."

படம் மில் ஆபீஸில் மாட்டப்பட்டது. நெல் கொண்டு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏரோப்ளேன் எடுத்த படம் என்றே வீரமுத்து சொன்னார். அப்படியானால் படத்துக்குள் ஏரோப்ளேன் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு, அவர் சற்றும் தயங்காமல், "இது ஒண்ணு. எடுத்தது ரெண்டாவது ஏரோப்ளேன்" என்றார்.

ஆனியில் அரும்பாவூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். இரண்டு ஏரோப்ளேனும் வேண்டுமாம்.

"எங்ககிட்ட ஒண்ணுதாங்க இருக்கு" என்றான் உத்திராபதி.

வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார். "மில்லுல பாத்துட்டுத்தான் வர்றோம். மறைக்காதீங்க."

"சத்தியமா ஒண்ணுதாங்க. ரெண்டாவது கெடையவே கெடையாது. அது இவ..."

அவர்கள் நம்புவதாக இல்லை. எவ்வளவு விளக்கினானோ அவ்வளவு உறுதியாக, எதையோ ஒளிக்கிறான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவனுக்கே பேச்சு குழறியது.

செங்கமலம் பென்சிலை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கல்யாண வூட்டுக்குப் பக்கத்துல ஏறி நிக்கிற மாதிரி மாடியோ தொட்டியோ இருக்குங்களா?"

"மாடி இருக்குதும்மா."

"அப்ப வந்துடுறோம்" என்றாள்.