ஆலமரத்தில் கட்டாத கொடி

எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். பால் மரமாம், மாட்டுக்கும் பால் பெருகுமாம். ஊர் மாடெல்லாம் நிழலுக்கு ஒதுங்குவதும் அதே மரத்தடிதான். சாக்கிலிருந்து சொட்டியதை அவை நக்கும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் அடுத்தடுத்து நான்கு மாடுகள் ஏழாம் மாதத்திலேயே கன்று வீசின; குறைக்கன்றுகள் செத்து விழுந்தன. நான் உசிலம்பட்டி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். "இது தொத்து நோய். கிருமி அந்தக் கொடியிலதான் இருக்கு. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொல்லு" என்றார் டாக்டர். ஊரில் சொன்னேன், சிரித்தார்கள். கேட்டவள் அன்னக்கொடி ஒருத்திதான். புருஷனை இழந்தவள், ஒற்றைப் பசுவை வைத்து இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். அவள் பசுவும் கன்று வீசியது. நான் சொன்னபடியே கொடியைப் புதைத்தாள்.

அடுத்த மாதம் ஊர்ப்பெரியவர் விருமாண்டியின் மாடு வீசியது. ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் போட்டார்கள்.

"மரத்துக்குச் சேர வேண்டியத மண்ணுல போட்டுட்டா. அதான் ஊரையே புடிச்சு ஆட்டுது" என்றார் விருமாண்டி.

"கம்பவுண்டர் அண்ணேதான் சொன்னாக. அவுககிட்டயே கேளுங்க" என்றாள் அன்னக்கொடி.

"நீயா சொன்ன, மாப்ள?"

என் தம்பிக்கு அவர் மகளைப் பேசி முடித்திருந்தோம். "சுண்ணாம்பு நல்லதுன்னு பொதுவாச் சொன்னேன் மாமா. மரத்துல கட்டாதேன்னு நான் சொல்லல" என்றேன். என் படிப்பில் இடி விழ.

அவள் மாட்டுக்கு ஊர் மேய்ச்சலும் இல்லை, கண்மாய்த் தண்ணீரும் இல்லை என்று முடிவானது. அவள் அதைச் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுக் களையெடுக்கப் போனாள். நோயும் மாட்டோடு வேறு ஊருக்குப் போயிருக்கும்.

தை மாதத்தில் என் மாடும் வீசியது. கொல்லையில் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, கொடியைப் புதைத்தேன். பிறகு வெறும் வைக்கோலைச் சாக்கில் கட்டி, ஊர் பார்க்க மரத்தில் தொங்கவிட்டேன். விருமாண்டி தலையை ஆட்டி மெச்சிக்கொண்டார்.

களைக்குப் போகிற வழியில் அன்னக்கொடி அங்கே நின்றாள். ஈரமே இல்லாத சாக்கைப் பார்த்தாள். என் முழங்கை வரை ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள்.

"இந்த வழிய எனக்கும் சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

சொல்லியிருக்கலாம்தான். அன்றைக்கு வீசியது என் மாடு இல்லையே.