போனில் மட்டும் பேசும் குழந்தை

வெள்ளிமலையில் அவர்கள் ஏறிய பேருந்து கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் பவானி மூன்று தடவை கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் அஜய் சிரித்த முகமாகவே இருந்தான். குடகில் காப்பித் தோட்ட வேலை அவனுக்கு. மகளை டாக்டரிடம் காட்டுவதற்கென்றே மேஸ்திரியிடம் கெஞ்சிப் பத்து நாள் லீவு வாங்கி வந்திருந்தான். மலைப்பாதையின் வளைவுகளில் ஹார்ன் அலறும்போதெல்லாம் நான்கு வயது எழில்மதி காதுகளைப் பொத்திக்கொண்டு தாயின் வயிற்றில் முட்டினாள்.

"இன்னிக்கு ரெண்டு டாக்டருங்க சேந்து பாக்கறாங்களாமே?" என்றான் அஜய். "போன்ல அப்பா அப்பான்னு கொஞ்சற கழுத, நேர்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போறா. அது ஏன்னு கண்டுபுடிச்சி சொல்லட்டும்."

பவானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கழுதை ஒருநாளும் கொஞ்சியதில்லை. கொஞ்சியது பவானிதான்.

போன தை மாதம் ஆரம்பித்தது அது. தினமும் போன் செய்தவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டே வந்தான். பேசினாலும் "பாப்பா எதுனா பேசுதா?" என்பான். "இல்ல மாமா" என்றால் அதற்குமேல் அவனிடம் பேச்சிருக்காது. ஒரு சாயங்காலம், அவன் குரல் அப்படி இறங்கிப்போனதைத் தாங்க முடியாமல், தொண்டையைச் சுருக்கி, "அப்ப்பா" என்றாள். விளையாட்டாகத்தான். உடனே நான்தான் என்று சொல்லிச் சிரிக்க நினைத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் அஜய் கூவிய கூவலில் அவளுக்கு வாய் அடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அவன் தினமும் கூப்பிட்டான். குழந்தையோடு பேசிவிட்டு அவளோடும் பேசினான். கல்யாணமான புதிதில் பேசியதைப் போல, சாப்பிட்டியா, இன்னா குழம்பு வச்ச, எந்தப் புடவை கட்டியிருக்க என்றெல்லாம் கேட்டான். இழந்த புருஷன் ஒற்றைச் சொல்லில் திரும்பக் கிடைத்தால் எந்தப் பெண்தான் அந்தச் சொல்லை விடுவாள்?

கள்ளக்குறிச்சியில் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில் இருந்த இருவரும் டாக்டர்கள் அல்ல. ரம்யா பேச்சுப் பயிற்சி தருபவள். ஜீவா குழந்தைகளின் உடம்பும் புலன்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துப் பயிற்சி கொடுப்பவன். வியாழக்கிழமை மட்டும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே குழந்தையைப் பார்ப்பார்கள்.

"தனித்தனியா பாத்தா ஆளுக்குப் பாதிதான் தெரியும்மா" என்றாள் ரம்யா. "சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கினு இருக்கற புள்ளகிட்ட நான் பேரைக் கூப்பிட்டுட்டு, திரும்பல, அதுக்குப் புரியலன்னு எழுதிட்டா தப்பில்லையா? அதான் மொதல்ல இவர் உடம்ப அடக்குவாரு. அப்புறம் நான் பேசுவேன்."

"கஷ்டம் எனக்கு, பேரு அவங்களுக்கு" என்று சிரித்தான் ஜீவா.

எழில்மதி நுனிக்காலில் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஜீவா அவளைத் துணி ஊஞ்சலில் இறுக்கமாகச் சுருட்டிப் படுக்கவைத்து மெல்ல ஆட்டினான். கைகால் உதறல் நின்றது. அவன் ஊஞ்சலை நிறுத்தினான். ரம்யா அசையாமல் காத்திருந்தாள். எழில்மதி ஜீவாவின் கையைப் பிடித்து, ஒரு கரண்டியை எடுப்பதைப் போல எடுத்து, ஊஞ்சல் கயிற்றின்மேல் வைத்தாள்.

"கேக்கறா பாருங்க" என்று ரம்யா எழுதிக்கொண்டாள். "முகத்தைப் பாக்கல, கையால கேக்கறா. சரி, வார்த்தை எதுனா உண்டா?"

பவானி வாய் திறக்குமுன் அஜய் முந்திக்கொண்டான். "அப்பா சொல்லுவா மேடம். சோறு, வா, எல்லாம் சொல்லுவா. போன்ல மட்டும்."

ரம்யாவின் பேனா நின்றது. அவளும் ஜீவாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன்ல மட்டுமா? முகம் பாக்கறது கஷ்டமா இருக்கற சில புள்ளைங்களுக்குக் குரல் மட்டும்னா சுலபமா இருக்கலாம்" என்றான் ஜீவா. "வார்த்தை இருந்தா நாங்க போற வழி வேற, இல்லன்னா வேற. நீங்க வெளிய போயி ஒரு போன் பண்ணுங்க சார். நாங்க பாக்கறோம்."

"சார்ஜ் இல்லங்க" என்றாள் பவானி.

"காலையில நான்தான புல்லா போட்டேன்?" என்று சொல்லிக்கொண்டே அஜய் செருப்பை மாட்டினான். புதுமாப்பிள்ளையைப் போல அப்படி ஒரு துள்ளல் அந்த நடையில்.

மணிச்சத்தம் வேண்டாம் என்று ஜீவா போனை அதிர்வில் வைத்தான். பவானியின் உள்ளங்கையில் அது உறுமத் தொடங்கியதும் எழில்மதி ஓடிவந்து பிடுங்கித் தாடையில் அழுத்திக்கொண்டாள். கண்களை மூடிக்கொண்டு கிளுக்கென்று சிரித்தாள். ரம்யா பரபரவென்று எழுதினாள்.

"எடுங்க பவானி. ஸ்பீக்கர்ல போடுங்க."

போனை எடுத்ததும் அதிர்வு நின்றது. எழில்மதி வீறிட்டுத் தரையில் விழுந்து தலையை இடித்தாள். ஜீவா அவள் தலைக்கடியில் கையைக் கொடுத்து வாரி அணைத்துக்கொண்டான்.

"எழிலு, அப்பா பேசறேன்டா. அப்பா சொல்லு" என்றது போன். "ஏன்டா அழுவற? அப்பா வந்துட்டேன் இல்ல?"

அந்தக் குழந்தைக் குரல் பவானியின் தொண்டைக்குள் தயாராக இருந்தது. கொஞ்சம் சுருக்கினால் போதும். ஆனால் இரண்டு பேர், நான்கு கண்கள், அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மாமா" என்றாள். "நான்தான்."

"அவகிட்ட குடு புள்ள."

"எப்பவும் நான்தான் மாமா பேசுனது. பாப்பா பேசல. ஒரு நாளும் பேசல."

ஜன்னலுக்கு வெளியே, மரத்தடியில், போனைக் காதில் வைத்தபடியே அஜய் நின்றான். பிறகு அழைப்பைத் துண்டித்தான்.

ரம்யா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுதியதில் ஒரு பத்தியைக் கோடிட்டு அடித்துவிட்டு, "இப்பவாச்சும் சொன்னீங்களே. இல்லாத பேச்சத் தேடிக்கினு ஒரு வருஷம் போயிருக்கும்" என்றாள்.

"பேசுவாளா மேடம்?"

"தெரியலம்மா. சும்மா ஆவும்னு சொல்லி அனுப்பக்கூடாது. படம் காட்டிக் கேக்கறதுக்குப் பழக்கலாம். வாரா வாரம் வரணும். அவரும் வந்து கத்துக்கணும். ஒருத்தரால முடியாது."

பேருந்து நிலையம்வரை அஜய் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வெள்ளிமலை வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி, சேலம் வண்டியின் பக்கத்தில் போய் நின்றான். சேலம் போய்விட்டால் குடகுக்கு வண்டி மாறிக்கொள்ளலாம்.

"லீவு இன்னும் எட்டு நாள் இருக்கே மாமா."

"தோட்டத்துல எல்லாருக்கும் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுவேன்" என்றான் அவன், பேருந்தின் சக்கரத்தைப் பார்த்தபடி. "எம் பொண்ணு பேசறான்னு. கூட வேல செய்யற காத்தான் மாமா அன்னிக்கு அழுதுட்டாரு தெரியுமா?"

"தப்புதான் மாமா. நீ பேசாம இருந்துட்டியேன்னுதான்..."

"போதும்."

"அடுத்த வியாழக்கிழமை ரெண்டு பேரும் வரணும்னாங்க."

அஜய் குழந்தையை அவள் இடுப்பில் இறக்கிவிட்டான்.

"நீயே வா. ரெண்டு பேராவும் நீயே பேசிக்குவியே, உனக்கு எதுக்கு நானு?"

அவன் ஏறியதும் சேலம் வண்டி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பியது. எழில்மதி காதுகளைப் பொத்தியபடி பூக்கடைக்காரர் சுற்றிக்கொண்டிருந்த நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவானி வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றாள். அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் குழந்தையைச் சுமந்துகொண்டு வெள்ளிமலை வண்டியைத் தேடி நடந்தாள்.